அந்திக்கு ஒரு வெடி

துப்பாக்கிக் கடையை அம்சவள்ளி இரண்டு முறை தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தாள். முதல் முறை, வாசலில் யாரோ நின்று போனில் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள். இரண்டாம் முறை காரணமே இல்லை. கால்கள் தாமாகவே பக்கத்து உரக்கடை வரை போய், யூரியா மூட்டை இறக்குகிறவர்களை வேடிக்கை பார்த்து நின்றுவிட்டன. கள்ளக்குறிச்சிக்கு அவள் எத்தனையோ முறை வந்திருக்கிறாள். துணி எடுக்க, மகள் அபிநயாவின் பிரசவத்துக்கு, பட்டா மாற்றத் தாலுகா ஆபீசுக்கு. இந்தக் கடைக்கு மட்டும் அவள் புருஷன் தெய்வசிகாமணிதான் வருவார். வருஷத்துக்கு ஒரு தடவை, தை மாசம், துப்பாக்கி லைசென்ஸ் புத்தகத்தை ஒரு மஞ்சள் பையில் சுற்றிக்கொண்டு. இன்று அந்தப் பை அவள் கையில் இருந்தது. உள்ளே லைசென்ஸ் இல்லை. காது டாக்டர் கொடுத்த தாள் ஒன்று நாலாக மடிந்து கிடந்தது.

அந்தத் தாளில் இரண்டு கோடுகள். ஒன்று வலது காது, ஒன்று இடது காது. இடது காதின் கோடு, கரியாலூர் மலைப்பாதையில் இறங்குகிற பஸ்ஸைப் போலத் திடுதிப்பென்று கீழே போய்விட்டிருந்தது. வலது காதின் கோடு பாதி மலையில் நின்றது. போன வியாழக்கிழமை டாக்டர் அதைப் பேனாவால் தட்டிக் காட்டினார். வலது தோளில் கட்டையை வைத்துச் சுடுகிறவர்களுக்கு இடது காதுதான் குழலின் வாய்க்குப் பக்கமாக இருக்கும், அதனால் முதலில் அதுதான் போகும் என்றார். “இவருக்கு அது போயிடுச்சும்மா. இனிமே துப்பாக்கிச் சத்தம் ஆகவே ஆகாது. இப்படியே போனா ரெண்டே வருஷத்துல வலது காதும் இதே கதிதான்.” டாக்டர் சொன்னதை அவள் புருஷனின் வலது பக்கம் குனிந்து, அப்படியே திருப்பிச் சொன்னாள். அவர் முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“போனா போவுது. உன் ரோதனை கம்மியாவும்.”

டாக்டரும் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

நைனார்பாளையத்தில் அவள் பிறந்த வீட்டில் ஏழு பிள்ளைகள். ஏழு பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள். பத்தொன்பது வயசு வரை அவள் சொல்லத் தொடங்கிய எந்தக் கதையும் அந்த வீட்டில் முடிந்ததில்லை. யாராவது நடுவில் புகுந்து தண்ணீர் கேட்பார்கள், சண்டை இழுப்பார்கள், எழுந்து போய்விடுவார்கள். கல்யாணமாகி மலையடிவாரத்துக்கு வந்த மூன்றாம் நாள், சாப்பிட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்திருந்த மனிதரிடம் ஏதோ பேச்சுவாக்கில் தன் சின்ன வயசுக் கதை ஒன்றை ஆரம்பித்தாள். பாதியில் வழக்கம்போல நிறுத்திக்கொண்டாள். அவர் தலையைச் சாய்த்து, “அப்புறம்?” என்றார். கேலி செய்கிறாரோ என்று பார்த்தாள். இல்லை. நிஜமாகவே அப்புறம் என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளக் காத்திருந்தார். அந்த ஒரு சொல்லுக்கு அவள் விழுந்தவள்தான். முப்பத்தெட்டு வருஷமாக எழுந்திருக்கவில்லை. அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. அவள் பேசுவாள், அவர் அப்புறம் என்பார். அவர்கள் குடும்பம் நடந்தது அப்படித்தான்.

இப்போது சில மாதங்களாக அந்த அப்புறம் இடம் தவறி விழ ஆரம்பித்திருந்தது. கதை முடிந்த பிறகு வரும், இல்லாவிட்டால் வராமலே போகும். போன மாசம், பக்கத்து வீட்டுப் பூமாலையின் கறவை மாடு செத்துப் போனதைக் கண்ணீர் விடாத குறையாகச் சொன்னபோது, “நல்லது, நல்லது” என்று தலையாட்டினார். அதைக் கேட்ட பூமாலை இரண்டு நாள் இந்த வாசல் பக்கம் வரவில்லை. அன்றைக்கு அம்சவள்ளிக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. டாக்டரின் தாளைப் பார்த்த பிறகு அதே விஷயத்தை நினைத்தால் வேறு எங்கோ வலித்தது. இன்னும் ஒரு காதுதான் பாக்கி. அதிலும் பாதி. அது போய்விட்டால் அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்?

அமெரிக்காவில், டெக்சாஸில் வேலை பார்க்கும் மகன் சுபாஷிடம் ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாள். சுட வேண்டாம் என்றால் அப்பா கேட்க மாட்டார், காது போகாமல் சுடுவதற்கு வழி இருக்கிறதா பார் என்றாள். அவன், “இங்கல்லாம் துப்பாக்கிக்கு சைலன்சர் கடையிலயே விக்கிறாங்கம்மா. ஃபார்ம் எழுதிக் குடுத்து, கைரேகை வச்சி, பணம் கட்டினா நம்ம கையில குடுத்துடறாங்க” என்று சொல்லி ஒரு வீடியோவையும் அனுப்பினான். கண்ணாடி அலமாரி நிறையக் கறுப்புக் கறுப்பாக உருளைகள், ஒரு வெள்ளைக்காரர் நிதானமாக ஒவ்வொன்றையும் கையில் எடுத்து எடை பார்த்துத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, கத்தரிக்காய் பொறுக்குகிறவளைப் போல நின்று யோசனை சொன்னாள். கடைக்குக் கடை கொஞ்சம் வித்தியாசம் இருக்கலாம், ஆனால் துப்பாக்கிக் கடை என்றால் துப்பாக்கிக் கடைதானே என்று அம்சவள்ளி முடிவு செய்தாள். அபிநயாவைப் பார்க்கப் போகிறேன் என்று புருஷனிடம் சொல்லிவிட்டு, கச்சிராயபாளையத்தில் பஸ் ஏறிவிட்டாள்.

மூன்றாம் முறை படியேறினாள்.

கடை ஒடுக்கமாக, நீளமாக இருந்தது. சுவரில் நாலைந்து பழைய துப்பாக்கிகள் சங்கிலி கோத்துப் பூட்டப்பட்டு, ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு அட்டை தொங்கியது. மீதி இடமெல்லாம் டார்ச் லைட்டும் தூண்டில் முள்ளும் பறவை விரட்டுகிற மினுமினுப்பு ரிப்பனும். மேசைக்குப் பின்னால் கடைக்காரர் கொளஞ்சியப்பன் உட்கார்ந்திருந்தார். அறுபத்தைந்து வயசு இருக்கும். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஏதோ ரிஜிஸ்டரில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

“இன்னா வேணும்மா?”

“துப்பாக்கி வாயில மாட்டுவாங்களே, சத்தம் வராம இருக்க... சைலன்சரு. அது வேணும்ங்க. ரெண்டு மூணு தினுசு எடுத்துக் காட்டினீங்கன்னா பாத்து வாங்கிக்குவேன்.”

கொளஞ்சியப்பன் ஸ்கேலைக் கீழே வைத்தார். எழுந்து வாசல் வரை போய்த் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“யாரைம்மா தீத்துக் கட்டப் போற?”

“அய்யய்யோ, இன்னாங்க இப்படிக் கேக்கறீங்க!”

“பின்ன? நீ கேக்கற சாமான நம்ம ஊருல கையில வச்சிருந்தாலே உள்ள தூக்கிப் போட்ருவாங்க. வித்த குத்தத்துக்கு உனக்குப் பக்கத்துலயே எனக்கும் பாய் விரிப்பாங்க. அதுக்கு லைசென்ஸே கெடையாதும்மா.”

அவள் விடவில்லை. போனை எடுத்து மகன் அனுப்பிய வீடியோவைப் போட்டுக் காட்டினாள். கொளஞ்சியப்பன் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, முழுசாகப் பார்த்தார். மறுபடி ஒரு தடவை போடச் சொல்லிப் பார்த்தார். நாற்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருந்தும் அந்தப் பொருளை அவர் நேரில் கண்டதில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

“ஷாம்பு பாட்டில் கணக்கா அடுக்கி வச்சிருக்கான் பாரேன்” என்றார் பெருமூச்சுடன். “அது அவங்க சட்டம்மா. நம்ம சட்டம் வேற. ஆமா, நீ யாரு வூடு?”

“கச்சிராயபாளையம் தாண்டி, மல அடிவாரம்ங்க. தெய்வசிகாமணி சம்சாரம்.”

“அட, சிகாமணி சம்சாரமா! இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா? உக்காரும்மா, உக்காரு.” ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். “உங்க மாமனார் காலத்துலருந்து நம்ம கடைதான். அவரு பேருலருந்து சிகாமணி பேருக்கு லைசென்ஸ் மாத்தினப்ப நான்தான் கூடப் போய் அலைஞ்சேன்.”

அவள் தாளைப் பிரித்து மேசைமேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். கொளஞ்சியப்பன் கோடுகளை விரலால் தடவிப் பார்த்தார்.

“சட்டம் ஒத்துக்கிட்டாலும் அந்தத் துப்பாக்கிக்கு மாட்ட முடியாது, தங்கச்சி. அது வாய் வழியா மருந்து கெட்டிக்கிறது. கரிமருந்த கொட்டி, துணிய வச்சி, கம்பியால இடிக்கணும். வாயில மூடி போட்டுட்டா எது வழியா கெட்டிக்கிறது? இன்னொண்ணு, அரசாங்கம் லைசென்ஸ் குடுத்ததே பன்னிய வெரட்டத்தான். சத்தமே இல்லாம சுட்டா பன்னி இன்னா, கையெடுத்துக் கும்புட்டுட்டுப் போயிருமா?”

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மூன்று நாளாக மனசுக்குள் கட்டி வைத்திருந்தது ஒரு நிமிஷத்தில் இடிந்துவிட்டது. எழுந்து போகலாமா என்று நினைத்தாள். கொளஞ்சியப்பன் ரிஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டே, விசாரிக்கும் குரலில் கேட்டார்.

“பன்னி அவ்ளோ ஜாஸ்தியா உங்க பக்கம்?”

“முன்னெல்லாம் ஜாஸ்திங்க. மரவள்ளிய ஒரே ராத்திரில கெளறிப் போட்டுட்டுப் போவும். நாலு வருஷமாச்சு, சோலார் வேலி போட்டுட்டோம். இப்பல்லாம் கிட்ட வர்றதில்ல.”

கொளஞ்சியப்பன் புரட்டுவதை நிறுத்தினார்.

“நாலு வருஷமா பன்னியே இல்லியா?”

“இல்லிங்க.”

“அப்ப இன்னாத்த சுடறாரு மனுசன்?” அவர் ரிஜிஸ்டரை அவள் பக்கம் திருப்பி வைத்தார். “இங்க பாரு. வாங்கற ஒவ்வொரு கிராமையும் நான் எழுதணும், அது ரூல்ஸு. சிகாமணி ஈய ரவை வாங்கிப் பன்னண்டு வருஷமாச்சு. ரவை போடாம சுட்டா வெறும் சத்தந்தான், ஒரு ஈ கூட சாவாது. சரி, மெரட்டறதுக்குத்தான்னு நெனச்சிக்கிட்டேன். ஆனா மருந்தும், அதப் பத்த வக்கிற கேப்பும் மட்டும் ஒரு வருஷம் தப்பல. இந்தத் தைக்கும் நானூறு கேப்பு. கணக்குப் போட்டுப் பாத்தா, ஒரு நாளைக்கு ஒண்ணு.”

ஒரு நாளைக்கு ஒன்று.

அம்சவள்ளிக்குப் படித்த கணக்கு கொஞ்சம்தான். ஆனால் இந்தக் கணக்கு அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் ஸ்டூலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

கல்யாணமான புதுசு. ஐப்பசி மாசம். சமவெளியில் வளர்ந்தவளுக்கு மலையடிவாரத்து இருட்டு புதுசாக இருந்தது. சூரியன் மலைக்குப் பின்னால் விழுந்ததும் யாரோ ஜமுக்காளத்தை இழுத்துப் போர்த்தின மாதிரி பொழுது அணைந்துவிடும். வீடு ஊருக்குள், பயிர் வைக்கும் கொல்லை ஒன்றரை மைல் தள்ளி, மலையை ஒட்டி. அந்த வாரம்தான் பக்கத்துக் கொல்லைக்காரர் ஒருவரின் தொடையைக் காட்டுப்பன்றி கிழித்திருந்தது. தெய்வசிகாமணி ஒருநாள் வரத் தாமதமானது. அவள் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு வாசலிலேயே நின்றாள். நிற்க நிற்க அழுகை வந்துவிட்டது. அவர் வந்தபோது தேம்பிக்கொண்டிருந்தாள். அவருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. புதுப் பெண்டாட்டியைத் தொடலாமா கூடாதா என்று இரண்டு அடி தள்ளி நின்று, துப்பாக்கியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார். கடைசியில் சொன்னார்: “நாளைலருந்து கெளம்பறப்ப ஒரு வெடி வக்கிறேன். அது கேட்டா நான் நல்லா இருக்கேன், வந்துகினு இருக்கேன்னு அர்த்தம். நீ உலைய வையி.”

மறுநாள் அந்தியில் மலை முழுக்க எதிரொலித்து அந்த ஒற்றை வெடி வந்தது. தெருவில் யாருக்கும் அது ஒன்றும் இல்லை. அவளுக்கு மட்டும் கன்னம் சிவந்தது. ஊரறிய ஒருவர் தன்னைக் கூப்பிடுகிறார், ஊருக்குத் தெரியவில்லை. ஓடிப்போய் உலை வைத்தாள். அரிசி கொதித்து அடங்குவதற்கும் அவர் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கும் சரியாக இருக்கும். முதல் இரண்டு மூன்று வருஷம் அப்படித்தான் போயிற்று. பிறகு பிள்ளைகள் வந்தார்கள். பன்றிகள் பெருகின. அந்தியில் இரண்டு வெடி, மூன்று வெடி என்று ஆனது. இந்தக் கொல்லையிலும் கேட்கும், அந்தக் கொல்லையிலும் கேட்கும். குக்கர் வந்தது. போன் வந்தது. எப்போது என்று சொல்ல முடியாமல், அந்த வெடி அவளுக்குப் பன்றி வெடியாகிவிட்டது. வேலி போட்ட பிறகும் ஏதோ வழக்கத்துக்குச் சுடுகிறார், ஆம்பிளைகளுக்கு அது ஒரு விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தாள்.

ஆனால் போன எலெக்‌ஷன். இப்போதுதான் அது ஞாபகம் வந்தது. எலெக்‌ஷன் என்றால் லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். இரண்டரை மாசம் துப்பாக்கி ஸ்டேஷனில் இருந்தது. அந்த இரண்டரை மாசமும், தினம் அந்தியில், அவள் போன் ஒரே ஒரு தடவை மணியடித்து நிற்கும். எடுத்துப் பார்த்தால் புருஷன் நம்பர். திருப்பிக் கூப்பிட்டால், “ஒண்ணுமில்ல, வந்துகினு இருக்கேன்” என்பார். “தெனம் வர்ற ஆளுதானே, இதுக்கு ஒரு போனா?” என்று கத்துவாள். எலெக்‌ஷன் முடிந்து துப்பாக்கி திரும்பி வந்த அன்றோடு அந்த மணி நின்றுபோனது. அதைக் கூட அவள் கவனிக்கவில்லை. எரிச்சல் விட்டது என்று மட்டும் தோன்றியது.

முப்பத்தெட்டு வருஷம். ஒரு காது. அவளிடம் வந்துகொண்டிருக்கிறேன் என்று சொல்லிச் சொல்லியே போன காது.

“இன்னாம்மா? தண்ணி குடிக்கிறியா?” என்றார் கொளஞ்சியப்பன்.

அவள் தலையாட்டினாள். தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “சுடறத நிறுத்தச் சொல்லிடறேன்ங்க” என்றாள். ஆனால் அந்தியில் வாசல் பெருக்கும்போது வெடி கொஞ்சம் தாமதமானால், எதற்கென்று தெரியாமலே விளக்குமாற்றை வைத்துவிட்டுத் தெருவில் இறங்கி மலைப் பக்கம் பார்த்து நின்ற நாட்கள் எத்தனை என்று இப்போது தெரிந்தது. அவர் மட்டும் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

கொளஞ்சியப்பன் அவள் முகத்தைப் பார்த்தார். குனிந்து கீழ்த் தட்டிலிருந்து மூன்று பொருளை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தார்.

“துப்பாக்கி வாய அடைக்க முடியாது. காத அடைக்கலாம். அதுக்குச் சட்டம் குறுக்க வராது. இதோ இது பஞ்சு மாதிரி, உருட்டிக் காதுக்குள்ள விட்டுக்கிறது. இது கல் ஒடைக்கிறவங்க, மில்லுல வேல செய்யறவங்க மாட்டறது.”

இரண்டாவது, சிவப்பு நிறத்தில், பெரிய கிண்ணங்கள் இரண்டை வளையத்தில் கோத்தது போல இருந்தது. எடுத்து மாட்டிப் பார்த்தாள். கடை, தெரு, பஸ் ஹாரன் எல்லாம் கிணற்றுக்குள் விழுந்துவிட்டன. கொளஞ்சியப்பனின் வாய் அசைந்தது, ஒன்றும் வரவில்லை. பயந்துபோய் உடனே கழற்றினாள். அவள் புருஷனுக்கு இன்னும் இரண்டு வருஷத்தில் உலகம் இப்படித்தான் இருக்கும்.

“இது வேணாம்ங்க. பேச்சே கேக்கலியே.”

“அதுக்குத்தான் மூணாவது. இதுவும் அதே மாதிரி கிண்ணந்தான், ஆனா பேட்டரி போட்டது. சேலத்துல ரைபிள் கிளப்புப் பசங்க கேட்டாங்கன்னு வரவச்சேன், ஒண்ணு மிச்சம். வெடிச் சத்தம் வந்தா அடச்சிக்கும். பேசினா அப்படியே விடும். கொஞ்சம் தூக்கியே குடுக்கும். வெல ஜாஸ்திதான்.”

அவள் அதை மாட்டிக்கொண்டதும் அவர் மேசைமேல் இரும்பு ஸ்கேலை ஓங்கி அடித்தார். எங்கோ தூரத்தில் அரிசி மூட்டை விழுந்தது போல மெத்தென்று கேட்டது. பிறகு அவர் சாதாரணமாக, “காதுல விழுதா, தங்கச்சி?” என்றார். அந்தக் குரல் காதோரம் வந்து நின்றது. அவர் மூச்சு விடுவது கூடக் கேட்டது.

“இதையே குடுங்க” என்றாள். விலையைக் கேட்காமல் அவள் வாங்கிய முதல் சாமான் அதுதான். பிறகு யோசித்து, “இதுக்கு ஃபார்ம் எதனா எழுதணுமா? கைரேகை?” என்றாள்.

“ஆதார் கூட வேணாம். நீ பாட்டுக்கு எடுத்துகினு போ.”

“எதுக்கும் அவரு பேருல ஒரு பில்லு போட்டுடுங்க. ஸ்டேஷன்ல யாராவது கேட்டா காட்டணும் இல்ல.”

கொளஞ்சியப்பன் முறையாக, தேதி போட்டு, முத்திரை குத்தி, பில் எழுதிக் கொடுத்தார். கொடுக்கும்போது, “அவன் குடுத்து வச்சவன்மா” என்றார். அவள், நான்தான் என்று சொல்ல நினைத்தாள். பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கரும்பு லாரிகள் எதிரே வந்துகொண்டிருந்தன. மலை தூரத்தில் நீலமாகத் தெரிந்து, நெருங்க நெருங்கப் பச்சையாகி, பிறகு ஒவ்வொரு மரமாகப் பிரிந்தது. இறங்கியபோது மணி ஐந்தே கால். வீட்டுப் பக்கம் திரும்பாமல் கொல்லைக்குப் போகும் மண் ரோட்டில் நடந்தாள். இத்தனை வருஷத்தில் நடவுக்குப் போயிருக்கிறாள், களைக்குப் போயிருக்கிறாள், சோறு கொண்டு போயிருக்கிறாள். அந்தி நேரத்தில் மட்டும் அவள் அங்கே இருந்ததே இல்லை. அந்நேரத்துக்கு அவள் வீட்டில்தான் இருந்தாக வேண்டும். அவள் வீட்டில் இருப்பதால்தான் அங்கே வெடியே.

தெய்வசிகாமணி மரவள்ளிக்குத் தண்ணீர் கட்டி முடித்து, மோட்டார் கொட்டகை வாசலில் கை கால் கழுவிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் வெளிறியது.

“இன்னா அம்சா? அபிநயாவுக்கு எதனாவா?”

“அவளுக்கு ஒண்ணுமில்ல. நான் அங்க போவவே இல்ல.” வலது பக்கமாக வந்து நின்றாள். துப்பாக்கி கொட்டகைச் சுவரில் சாய்ந்திருந்தது. கெட்டிக்கிற கம்பி ஈரமில்லாத கல்மேல் கிடந்தது. மருந்து ஏற்கெனவே கெட்டித்தாகிவிட்டது என்று தெரிந்தது.

“பன்னி வருதாங்க?”

“வேலிதான் இருக்குதே. வர்றதில்ல.”

“அப்ப யாருக்குச் சுடறீங்க?”

அவர் துண்டால் முழங்கையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். அறுபத்து மூன்று வயசு மனிதர், புதுமாப்பிள்ளை மாதிரி மலையைப் பார்த்தார்.

“நீ உல வக்க வேணாமா?” என்றார்.

“குக்கர் வாங்கி இருவது வருஷமாச்சு.”

“தெரியும். அதுக்காக...” அவருக்கு அந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை. “ஒருநாள் வுட்டா, நீ இன்னாவோ ஏதோன்னு வாசல்ல நின்னு அழுதுகினு இருப்பியேன்னு...”

“எனக்கு அம்பத்தேழு வயசு.”

“ஆமா. ஆனா, நெனச்சா பத்தொன்பதாத்தான் வருது.”

பையிலிருந்து வாங்கி வந்ததை எடுத்து, பில்லோடு அவர் கையில் வைத்தாள். எதற்கு, எங்கே வாங்கினாள், கடைக்காரர் என்ன சொன்னார், அதற்கு முன் அவள் என்ன கேட்டாள் எல்லாவற்றையும் சொன்னாள். யாரைத் தீர்த்துக் கட்டப் போகிறாய் என்று கேட்டதைச் சொன்னபோது அவர் தோள் குலுங்கச் சிரித்தார். இரண்டு கிண்ணங்களையும் பார்த்துவிட்டுத் தலையில் மாட்டிக்கொண்டார். பேட்டரியின் பொத்தானை அவள் அழுத்திவிட்டாள்.

“கேக்குதா?”

தலையைச் சாய்த்தார். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தம், எங்கோ ஒரு மயில், அவள் வளையல். எது அவர் காதில் விழுந்ததோ, கண் ஓரம் சுருங்கியது.

“வளையல் மாத்தினியா?”

“போன பொங்கலுக்கு வாங்கினது. இப்பதான் கேக்குது உங்களுக்கு.”

சூரியன் மலை மேட்டைத் தொட்டுவிட்டது. நேரம் ஆகிவிட்டது. அவர் வழக்கம்போலத் துப்பாக்கியை எடுத்து, குழலை வானத்துக்குத் திருப்பி, கட்டையைத் தோளில் பொருத்தினார். அவள் ஓரடி பின்வாங்கினாள். காதைப் பொத்திக்கொள்ளலாமா என்று கை எழுந்தது. பொத்தவில்லை. வெடி வரவில்லை. அவர் ஊர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இன்னாங்க?”

“வூட்ல யாருமே இல்லியே” என்றார். “நீ இங்க இருக்கற. அங்க யாரு கேக்கறது?”

துப்பாக்கியை இறக்கினார். துப்பாக்கிச் சுத்தியலுக்கு அடியிலிருந்த கேப்பு ஒன்றை மட்டும் விரல் நகத்தால் நெம்பி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மருந்து குழலுக்குள்ளேயே இருந்தது. கெட்டித்த மருந்தை வெளியே எடுக்கச் சுடுவது ஒன்றுதான் சுலபமான வழி என்று அவளுக்குத் தெரியும். நாளைக்கு என்ன செய்வார் என்று அவள் கேட்கவில்லை.

அவர் கொட்டகையைப் பூட்டி, துப்பாக்கியை இடது தோளில் சாய்த்துக்கொண்டதும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். வரப்பில் ஓராள்தான் நடக்கலாம். அவர் முன்னால், அவள் பின்னால். அந்த ஊரில் எல்லாப் புருஷன் பெண்டாட்டியும் அப்படித்தான் நடப்பார்கள். காதுக் கிண்ணங்களைக் கழுத்துக்கு இறக்கி விட்டிருந்தார். அவள் கொளஞ்சியப்பன் கடையில் வீடியோவை இரண்டாம் தடவை பார்த்த விதத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். பாதி சொல்லி, ‘அப்புறம்’ வரட்டும் என்று நிறுத்தினாள். முன்னால் போகிற முதுகு அசையாமல் போய்க்கொண்டிருந்தது.

அம்சவள்ளி புடவையைக் கெண்டைக்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, வரப்பைவிட்டு வலது பக்கம் மரவள்ளிக்குள் இறங்கினாள். புதிதாகக் கட்டிய தண்ணீர் கணுக்கால் வரை வந்தது. செருப்பைச் சேறு பிடித்து இழுத்தது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். இரண்டு எட்டு வேகமாக வைத்து அவருக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள்.

“ஏ, சேறு. டவுனுக்குக் கட்டற பொடவ” என்றார் அவர்.

“இருக்கட்டும். கேளுங்க” என்றாள்.

அவர் நடையைக் குறைத்தார். வரப்பில் நடக்கிற அவர் ஒரு முழம் உயரத்தில் இருந்தார். சேற்றில் நடக்கிற அவள் ஒரு முழம் தாழ்வில் இருந்தாள். அவள் அண்ணாந்து பேச, அவர் தலையை வலது பக்கமாகச் சாய்த்துக்கொண்டே நடந்தார். மரவள்ளி இலைகள் அவள் தோளில் தட்டித் தட்டி விலகின. பின்னால் அவள் கால் பதிந்த ஒவ்வொரு குழியிலும் தண்ணீர் மெதுவாக ஊறி நிரம்பி, மிச்சமிருந்த வெளிச்சத்தை வாங்கிக்கொண்டிருந்தது.